முடிஞ்ச கணக்கா, முடியாத கணக்கா? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் நான்கு கடிதங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான்கும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்து வந்தவை. தரம் வகுக்க உட்கார்ந்த ஒரு குழு எப்போது எழுந்து போக வேண்டும், போகும்போது எதை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதைத்தான் நான்கும் வேறு வேறு வழியில் கேட்கின்றன. குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் பரிசோதனைக் கூடத்தில் 31 வருடம் வேலை பார்த்தவன் நான். அந்த வேலையின் பகுதியாக இப்படிப்பட்ட குழுக்களில் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். முதல் கடிதத்துக்கே பாதி இடம் போய்விட்டது. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: நாகர்கோவிலில் வீட்டில் இருந்தே ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன். இணைய நெறிமுறைகளை எழுதும் ஐ.இ.டி.எஃப். அமைப்பில் ஒரு பணிக்குழுவின் இரண்டு தலைவர்களில் நானும் ஒருத்தி. எங்கள் சாசனத்தில், அதாவது குழு செய்ய வேண்டிய வேலைகளைச் சொல்லும் தாளில், ஐந்து ஆவணங்கள். மூன்று வெளிவந்துவிட்டன. நான்காவது பாதியில் நிற்கிறது. ஐந்தாவதை எழுத ஆளே இல்லை. கூட்டத்துக்கு எட்டுப் பேர் வந்தால் அதிகம். இன்னொரு தலைவர், 'மூட வேண்டாம், சும்மா இருக்கட்டும், யாருக்கு நஷ்டம்?' என்கிறார். எனக்கும் மூடினால் தோற்றுப்போனது போல இருக்குமோ என்று தோன்றுகிறது. எப்படி முடிவெடுப்பது? – பெயர் வேண்டாம் என்று கேட்டவர், நாகர்கோவில்.

பதில்: உங்கள் கடைசி வரியில் இருந்தே தொடங்குகிறேன் அம்மா. தோல்வி என்ற நினைப்பை முதலில் இறக்கி வையுங்கள். உங்கள் கடிதம் வந்த பிறகு, பணிக்குழுக்களை நடத்தும் விதிகளைச் சொல்லும் ஆர்.எஃப்.சி. 2418ஐ இரண்டு முறை வாசித்தேன் (உங்கள் அமைப்பு எண் போட்டு வெளியிடும் ஆவணங்களுக்கு ஆர்.எஃப்.சி. என்று பெயர்). 1998இல் வந்தது. பணிக்குழு என்பது ஒரு குறிப்பிட்ட வேலைக்காகக் கூடி, வேலை முடிந்ததும் கலைவது என்றுதான் அதில் இருக்கிறது. வேலை முடியாது என்று தெரிந்துவிட்டால் சாசனத்தை மாற்றலாம், தலைவரை மாற்றலாம், குழுவைக் கலைக்கலாம் என்று மூன்று வழியையும் சொல்லி, அந்த முடிவை உங்கள் குழுவைக் கலந்துகொண்டு ஏரியா டைரக்டர், அதாவது ஒரு துறையின் பணிக்குழுக்களை மேற்பார்ப்பவர், எடுப்பார் என்கிறது. ஆகவே மூடும் பாரம் முழுவதும் உங்கள் தலையில் இல்லை. அவரிடம் என்ன நிலவரத்தைச் சொல்லப்போகிறீர்கள் என்பதுதான் உங்கள் வேலை.

அந்த நிலவரத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். 'நான்காவது ஆவணம் முக்கியமா?' என்று குழுவில் கேட்காதீர்கள். எல்லோரும் ஆமாம் என்பார்கள். கோவில் கொடைக்கு வில்லுப்பாட்டு வேணுமா என்று ஊரில் கேட்டால் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? பாட்டுக்காரருக்கு முன்பணம் கொடுக்க வடசேரிக்கு யார் போவது, எந்தத் தேதியில் என்று கேட்டுப் பாருங்கள். அப்போது எழுந்து நிற்கிறவர்தான் கணக்கு. அதேபோல, மிச்சப் பக்கங்களை யார் எழுதுவார், எந்த மாதத்துக்குள், அதை வைத்து நிரல் எழுதி ஓட்டிப் பார்க்க எந்த இரண்டு பேர் தயார் என்று கேளுங்கள். பேரும் தேதியும் வந்தால் குழுவுக்கு உயிர் இருக்கிறது. 'நேரம் கிடைத்தால் பார்க்கிறேன்' என்று வந்தால், அதுவும் ஒரு பதில்தான். அப்படிச் சொன்னவர்மீது வருத்தப்பட வேண்டாம். எல்லோருக்கும் சம்பளம் தருகிற வேலை வேறே இருக்கிறது.

இனி, 'சும்மா இருந்தால் யாருக்கு நஷ்டம்' என்ற கேள்வி. இதற்கு நான் பட்டதைச் சொல்ல வேண்டும்.

பல வருடங்களுக்கு முன், ரப்பர் பால் வாங்கும் இடங்களில் பாலின் வீரியத்தை எப்படி அளப்பது என்று ஒரு நடைமுறை எழுத ஆறு பேர் கொண்ட குழு போட்டார்கள். நான் அதில் இளையவன். பாலில் உலர்ந்த ரப்பர் எத்தனை சதவீதம் என்பதை வைத்துத்தான் காசு. அதை இரண்டு விதமாக அளக்கலாம். மெட்ரோலாக் என்ற கண்ணாடி மிதவையை, தண்ணீர் கலந்த பாலில் விட்டு, கழுத்தில் இருக்கும் எண்ணைப் பார்ப்பது ஒன்று. இரண்டு நிமிட வேலை. கொஞ்சம் பாலை எடைபோட்டு, ஆசிட் விட்டு உறைய வைத்து, கழுவி, அழுத்தி, 70 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தி, மறுபடி எடைபோடுவது இன்னொன்று. இதுதான் நம்பகமானது, ஆனால் கையில் பால் கேனோடு வரிசையில் நிற்கிறவருக்கு அன்றைக்கே பதில் கிடைக்காது. மிதவை அடர்த்தியை மட்டும்தான் பார்க்கிறது. மரம், பருவம், பாலில் கலந்த மருந்து என்று எது மாறினாலும் அதன் எண் கொஞ்சம் தள்ளிப்போகும். நாங்கள் ஒரு வருடம் இரண்டு விதமாகவும் அளந்து பார்த்து, இலையுதிர்வுக்குப் பிந்தைய மாதங்களுக்கு ஒரு திருத்த அட்டவணை தயாரித்தோம். இரண்டே பக்கம். முதல் வரைவில் அந்த அட்டவணை கிடையாது. இரண்டாவது வரைவில் சேர்த்தோம். அதை நிறைவேற்ற இன்னொரு கூட்டம் போட வேண்டியிருந்தது.

அந்தக் கூட்டம் நடக்கவே இல்லை. தலைவருக்கு மாற்றல் வந்தது. இரண்டு பேர் ஓய்வு பெற்றார்கள். ஒருவர் இறந்துபோனார். மிச்சம் இருந்த நானும் இன்னொருவரும் 'இருக்கட்டும், பிறகு கூட்டலாம்' என்று விட்டுவிட்டோம். குழு கலைந்தது என்று யாரும் சொல்லவில்லை, வேலை முடியவில்லை என்றும் யாரும் எழுதி வைக்கவில்லை. முதல் வரைவும் இரண்டாவது வரைவும் ஒரே பச்சை நிற ஃபைலில், ஒரே இரும்பு அலமாரியில் கிடந்தன. பின்னால் வந்த ஒரு பையன், நல்ல பையன், ஃபைலைத் திறந்து மேலே இருந்ததை எடுத்துப் பயன்படுத்தினான். மேலே இருந்தது முதல் வரைவு.

அருமனையில் இருந்து ஓர் அம்மா ஒரு கோடுபோட்ட நோட்டோடு வந்தார். தேதி, லிட்டர், மிதவை எண், வெளியே ஒரு கூடத்தில் உலர்த்திப் பார்த்த எண், எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார். மிதவையில் 31, உலர்த்தினால் 34. நூறு கிலோ பாலுக்கு மூன்று கிலோ ரப்பர் போகிறது. மகளின் படிப்புச் செலவை அந்தப் பால் காசில்தான் பார்க்கிறார். நான் அலமாரியைத் திறந்து இரண்டு வரைவையும் எடுத்துக் காட்டி விளக்கினேன். முழுதும் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "இது முடிஞ்ச கணக்கா, முடியாத கணக்கா சாரே?" எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் குழுவில் இருந்த எனக்கே தெரியவில்லை.

நஷ்டம் யாருக்கு என்று உங்கள் சக தலைவர் கேட்டால், இந்த அம்மாவைச் சொல்லுங்கள். குழுவுக்குள் இருக்கிறவர்களுக்கு எது உயிரோடு இருக்கிறது, எது செத்தது என்று தெரியும். வெளியே இருந்து உங்கள் நான்காவது வரைவை எடுத்து வாசிக்கிற ஒரு பொறியாளருக்கு அது தெரியாது. உங்கள் அமைப்பில் வரைவுகள் ஆறு மாதத்தில் தானாகக் காலாவதி ஆகும் என்று விதி இருப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் காலாவதி என்பது தேதியைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. எழுதியவர் வேலை மாறிப் போனாரா, யோசனையில் ஓட்டை இருந்ததா, தேவையே இல்லாமல் போனதா என்று வாசிக்கிறவர் எதை வைத்துத் தெரிந்துகொள்வார்?

இதை அழகாகச் செய்த ஒரு குழுவைப் பற்றி உங்களுக்கும் தெரிந்திருக்கும். உலாவிக்குள் தரவுத்தளம் வைப்பதற்கு வெப் எஸ்.க்யூ.எல். டேட்டாபேஸ் என்று, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ.3.சி. அமைப்பில் ஒரு வரைவு இருந்தது. 2010 நவம்பரில் அதை நிறுத்தினார்கள். நிறுத்தியபோது ஆவணத்தின் தொடக்கத்திலேயே காரணத்தை எழுதிவிட்டார்கள்: செய்து பார்த்த எல்லோரும் எஸ்.க்யூ.லைட் என்ற ஒரே மென்பொருளைத்தான் அடியில் வைத்திருக்கிறார்கள். தரம் என்று அறிவிக்க, தனித்தனியாகச் செய்த ஒன்றுக்கு மேற்பட்டவை வேண்டும். அது இல்லாததால் இத்தோடு நிற்கிறது. சில வரிகள்தான். இன்றைக்கு அந்தப் பக்கத்தைத் திறக்கிற எவருக்கும் குழப்பம் கிடையாது. உங்கள் நான்காவது ஆவணத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால், இதே மாதிரி நான்கு வரி எழுதுங்கள். எதுவரை ஒத்துக்கொண்டோம், எங்கே முட்டியது, யாராவது மறுபடி எடுத்தால் எங்கிருந்து தொடங்கலாம். அதை எழுத இப்போது உங்களால் முடியும். இரண்டு வருடம் கழித்து உங்களுக்கே நினைவிருக்காது.

ஆள் கிடைத்தால், அந்த ஒன்றுக்காக மட்டும் குழுவை வைத்திருக்க வேண்டுமா என்றும் யோசியுங்கள். உங்கள் வேலைக்கு நெருக்கமான வேலை செய்கிற இன்னொரு பணிக்குழு எடுத்துக்கொள்ளலாம். ஏரியா டைரக்டரே பொறுப்பெடுத்து ஓர் ஆவணத்தை முன்னெடுக்கும் வழியும் உங்கள் அமைப்பில் உண்டு.

ஐந்தாவது ஆவணம் கொஞ்சம் மனசு சம்பந்தப்பட்டது. சாசனத்தில் எழுதிவிட்டோம், தொடவே இல்லை. இது உறுத்தும். நம் மாவட்டத்து ஆட்களுக்கு ஓர் உதாரணம் சொல்லலாம். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழ்ப் பகுதிகளைத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் அந்தப் பட்டியலில் இருந்தன. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையில் ஒரு பகுதியும் வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. அந்த வலி பெரியவர்கள் பேச்சில் கடைசிவரை இருந்ததை நான் சின்னப் பிள்ளையாக இருந்து கேட்டிருக்கிறேன். இருந்தாலும், எந்த வேலைக்காகக் கூடினார்களோ அதில் ஆனது ஆகிவிட்டது என்று கண்டபோது கட்சியை முடித்துக்கொண்டு காங்கிரசோடு இணைந்தார்கள். அந்தக் கட்சியின் தலைவர் நேசமணி 1962இல் நாகர்கோவிலில் காங்கிரஸ் வேட்பாளராகவே நின்று நாடாளுமன்றம் போனார். கிடைக்காத இரண்டு தாலுகாவுக்காக ஒரு பெயர்ப்பலகையை மட்டும் மாட்டி வைத்திருக்கவில்லை. உங்கள் ஐந்தாவது ஆவணத்தையும் 'எடுக்கவில்லை' என்று நேராக எழுதுங்கள். அது குறையைக் காட்டிக்கொடுப்பது ஆகாது.

மூடியபின் திரும்பவே முடியாதோ என்ற பயம் உங்கள் சக தலைவருக்கு இருக்கலாம். மின்னஞ்சலில் அனுப்புநரைச் சரிபார்க்கும் எஸ்.பி.எஃப். முறையின் கதையை அவருக்கு நினைவுபடுத்துங்கள். அதற்காக உங்கள் அமைப்பில் மாரிட் என்ற குழு 2004இல் தொடங்கி, உடன்பாடு வராமல் அதே வருடமே மூடப்பட்டது. 2006இல் அந்த முறை சோதனை நிலை ஆவணமாக வந்தது. உலகமெங்கும் ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு புதிதாக ஒரு குழு கூடி, 2014இல் ஆர்.எஃப்.சி. 7208 ஆக, தரமாக ஏற்கும் ஆவணங்களின் வரிசையில் ஏற்றியது. இன்றைக்கு நம் எல்லோருடைய மின்னஞ்சலும் அதைத் தாண்டித்தான் வருகிறது. மூடினதால் அந்த யோசனை சாகவில்லை. சண்டை போட்ட களம்தான் மூடியது.

கலைக்காமல் உறங்கும் நிலையில் வைக்கும் ஏற்பாடும் அதே 2418இல் இருக்கிறது. அதை நான் தள்ளவில்லை. ஆனால் உறங்க வைப்பதென்றால் அதையும் அறிவித்துச் செய்யுங்கள்: இன்ன தேதி முதல் குழு கூடாது, இன்னார் எழுப்பலாம், இன்ன காரணம் வந்தால் எழுப்பலாம். இப்போது உங்கள் குழு இருப்பது உறக்கம் அல்ல, எங்கள் பச்சை ஃபைல் மாதிரி கேட்பாரில்லாத கிடப்பு. வெளிவந்த மூன்று ஆவணங்களில் யாராவது பிழை கண்டுபிடித்துச் சொன்னால், மூடிய குழு என்றால் அது நேராக ஏரியா டைரக்டர் பார்வைக்குப் போகும். கிடப்பில் இருக்கிற குழு என்றால் தலைவர்கள் பார்ப்பார்கள் என்று அவர் நினைப்பார், நீங்கள் அவர் பார்ப்பார் என்று நினைப்பீர்கள்.

தேதி வைக்காமல் இது நடக்காது. உங்கள் அமைப்பு மார்ச், ஜூலை, நவம்பர் என்று வருடத்துக்கு மூன்று முறை கூடுகிறது. இந்தக் கூட்டத்தில் கேள்வியைக் கேளுங்கள், அடுத்த கூட்டத்தில் முடிவைச் சொல்லுங்கள். இடையில் நான்கு மாதம், யாருக்கும் அவசரப்படுத்தியதாகத் தோன்றாது. ஒன்றே ஒன்று: ஏதாவது ஆவணம் அச்சுக்கு முந்தைய கடைசிச் சரிபார்ப்பில் இருந்தால் அது வெளியே வரும்வரை காத்திருங்கள். சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வில் பணிக்குழுவைக் கலைத்த பிறகும், ஆவணம் வெளியாகும்வரை அதன் திட்டத் தலைவர் ஆலோசகராக இருக்க வேண்டும் என்று விதியே உண்டு. கேள்வி வந்தால் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும் அல்லவா.

அப்புறம், கடைசிக் கூட்டத்தில் வந்த எட்டுப் பேருக்கும் பேர் சொல்லி நன்றி சொல்லுங்கள். வராமல் நின்றுபோனவர்களுக்கும் சேர்த்து. எங்கள் ஆறு பேரில் இறந்துபோனவர்தான் அந்த அட்டவணைக்கான எடைகளை எல்லாம் தன் கையால் எழுதியவர். அவர் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. அது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

கேள்வி: பெங்களூரில் கம்பியில்லாத் தொடர்புக் கருவிகள் செய்யும் நிறுவனத்தில் இருக்கிறேன். எங்கள் தரக் குழுவில் இரண்டு கட்சி. மூன்று வருடமாக ஒருவரும் இறங்கி வரவில்லை. தலைவர் ஒவ்வொரு கூட்டத்திலும் 'அடுத்த முறை பார்க்கலாம்' என்கிறார். இது முடியுமா? – குழித்துறை வாசகர்.

பதில்: தம்பி, உங்கள் துறையிலேயே இது நடந்திருக்கிறது. மின், மின்னணுப் பொறியாளர்களின் அமைப்பான ஐ.இ.இ.இ.யில் 802.15.3ஏ என்று ஒரு குழு, அதிஅகல அலைவரிசையில் பக்கத்துப் பக்கத்துக் கருவிகள் வேகமாகப் பேசிக்கொள்ள வழி தேடியது. கடைசியில் இரண்டு வடிவமைப்பு நின்றது. நிறைவேற 75 சதவீத வாக்கு வேண்டும். இரண்டு பக்கமும் பெரிய நிறுவனங்கள். ஒரு பக்கம் ஏறும், அடுத்த கூட்டத்தில் மறுபக்கம் ஏறும், யாருக்கும் முக்கால் கிடைக்கவில்லை. மூன்று வருடம் போனது. 2006 ஜனவரியில் குழுவே வாக்கெடுத்துத் திட்டத்தைத் திரும்பப் பெற்றது. இரண்டு கட்சியும் சேர்ந்து கையைத் தூக்கிய காரியம் அதுதான்.

உங்கள் தலைவர் அடுத்த முறை என்று தள்ளுவது இரண்டு பக்கமும் மனம் கோணாமல் இருக்கத்தான், எனக்குப் புரிகிறது. ஆனால் உங்களைப் போன்ற இளம் பொறியாளர்கள் எத்தனை பேர் மூன்று வருடத்தைக் கொட்டியிருக்கிறீர்கள்? கூட்டத்தில் ஒரு தீர்மானம் நீங்களே முன்வையுங்கள்: இன்ன தேதிக்குள் முக்கால் வாக்கு எதற்கும் வராவிட்டால், இரண்டு வடிவமைப்பையும் அவரவர் அளவீடுகளோடு அறிக்கையாக வெளியிட்டுவிட்டுத் திட்டத்தைத் திரும்பப் பெறுவது. அளவீடுகளை விட்டுவிடாதீர்கள். சண்டை போட்ட மூன்று வருடத்தில் உருப்படியாக விளைந்தது அவைதான்.

கேள்வி: எனக்கு ரெண்டு ஏக்கர் ரப்பர். குழு கலைக்கிறது, தரம் காலாவதி ஆகிறது என்றெல்லாம் படிக்கும்போது பயமாக இருக்கிறது. குழு போனால் என் ஷீட்டின் தரமும் போய்விடுமா? – திற்பரப்பு வாசகர்.

பதில்: போகாது அண்ணாச்சி. குழு வேறு, தரம் வேறு. நீங்கள் ஷீட்டைப் புகைப்புரையில் இருந்து எடுத்துக் கடையில் போடுகிறீர்கள். கடைக்காரர் ஒன்றை உருவி வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கிறார். தேன் நிறத்தில் தெளிவாக இருக்கிறதா, குமிழ் இருக்கிறதா, பட்டைத் தூள் ஒட்டியிருக்கிறதா, பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்த்து ஆர்.எஸ்.எஸ். (புகை காட்டிய ஷீட்டின் தரம்) 4, 5 என்று ஒதுக்குகிறார். அவர் கண்ணுக்குள் இருக்கும் அந்த அளவுகோல் பச்சைப் புத்தகம் என்று வியாபாரத்தில் சொல்லும் சர்வதேசக் கையேட்டின் 1969ஆம் வருடப் பதிப்பில் இருந்து வருவது. அதை எழுத உட்கார்ந்தவர்கள் எழுந்து போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. எழுதி வைத்தது நிலைத்து நிற்கிறது, அதனால் ஷீட்டும் விலைபோகிறது.

ஆனால் யாராவது அவ்வப்போது எடுத்துப் பார்க்க வேண்டும், அது உண்மை. இந்திய தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். ஒவ்வொரு தரத்தையும் ஐந்து வருடத்துக்கு ஒரு முறையாவது எடுத்து, அப்படியே வைப்பதா, திருத்துவதா, விலக்குவதா என்று பார்க்க வேண்டும். ஐ.எஸ்.ஓ.விலும் ஐந்து வருடம்தான். எழுதிய குழு கலைந்திருந்தாலும் அதன் மேலே உள்ள குழு அதைச் செய்யும். ஐ.எஸ்.ஓ.வில் ஒரு தொழில்நுட்பக் குழுவையே கலைத்தாலும் அதன் எண்ணை வேறு குழுவுக்குக் கொடுக்க மாட்டார்கள். எனக்கு அந்த விதி ரொம்பப் பிடிக்கும். பழைய தாளில் ஒரு எண்ணைப் பார்த்தால் அது யாரைக் குறிக்கிறது என்பதில் என்றைக்கும் சந்தேகம் வராது.

உங்கள் ஷீட்டுக்கு ஆபத்து புகை பத்தாமல் பூஞ்சை பிடிப்பதில்தான். இந்த மழையில் அதைக் கவனியுங்கள்.

கேள்வி: கோட்டாறு பக்கம் சின்ன அச்சகம் நடத்துகிறேன். 1990களின் கடைசியில் இருந்து கல்யாணக் கார்டு, சபை மலர், சங்க மலர் என்று நிறைய ஃபைல்கள். சில டிஸ்கி எழுத்துருவில், சில டேப் எழுத்துருவில். அந்தக் காலத்துத் தரங்களை எழுதிய குழுக்கள் இப்போது இல்லை. இவற்றை என்ன செய்வது? – நாகர்கோவில் வாசகர்.

பதில்: உடனே செய்ய வேண்டிய வேலை இது, தள்ளிப்போடாதீர்கள். 1999இல் தமிழ்நாடு அரசு டேம், டேப் என்ற குறியீட்டு முறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. டிஸ்கி அதற்குப் பக்கத்திலேயே, பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலில் பேசிப் பேசி உருவாக்கியது. 2010இல் அரசு யூனிகோடையும் டேஸ்16ஐயும் தரமாக அறிவித்தது. பழையவை பயன்பாட்டில் இருந்து மெதுவாக ஒதுங்கின. அவற்றை உருவாக்கியவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை. சம்பளம் இல்லாமல், ராத்திரி கண் விழித்துச் செய்தார்கள்.

உங்கள் ஃபைலைத் திறந்து 'கொ' என்ற எழுத்தைப் பாருங்கள். டிஸ்கியில் அது கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் மூன்று துண்டாக இருக்கும்: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் முதலில் க, அதன் பின்னால் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி. ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போட்டால் கொம்பு போய் முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். நல்ல மாற்றி நிரல் இதைப் பார்த்து இடம் மாற்றிப் போடும். மாற்றியபின் கெ, கே, கை, கொ, கோ, கௌ வருகிற பெயர்களை மட்டுமாவது கண்ணால் சரிபாருங்கள். கல்யாணக் கார்டில் 'கோலப்பன்' சிதைந்து நின்றால் அது ஒரு மனுஷனின் பெயர்.

மூல ஃபைலை அழிக்க வேண்டாம். எழுத்துரு ஃபைலையும் அதே பெட்டியில் போட்டு, எந்தக் குறியீடு என்று பேரிலேயே எழுதி வையுங்கள். எந்த எண் எந்த எழுத்து என்ற அட்டவணை ஒன்றை அச்சடித்துக்கொள்ளுங்கள். டிஸ்கிக்கு அந்த அட்டவணை இன்றைக்கும் கிடைக்கிறது, ஏனென்றால் செய்தவர்கள் அதைப் பொதுவில் வைத்துவிட்டுத்தான் போனார்கள். சொந்தமாகக் குறியீடு வைத்து எழுத்துரு விற்ற சில கடைகள் அப்படி வைக்காமலே மூடிவிட்டன. அந்த ஃபைல்கள் உங்களிடம் இருந்தால் ஒரு பக்கத்தைத் தாளில் அச்சடித்து, பக்கத்தில் அதன் எண்களை எழுதி, அட்டவணையை நீங்களே கட்ட வேண்டியிருக்கும். அந்த எழுத்துரு ஓடுகிற பழைய கணினி ஏதாவது ஒன்று இன்னும் வேலை செய்கிறபோதே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.